பழத்துச் சீனி ஒன்றும் செய்யாது என்றார்

1

அன்றைக்கு அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு இவர் இருந்தார், அவர் இல்லை என்று பேச்சு வரக்கூடாது. கோமதிநாயகம் அண்ணாச்சியின் சம்சாரம் பார்வதி மதினி. மதினியின் தம்பி சுப்பையா. பார்சலைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்த என் தம்பி சண்முகம். நான். ஆக நான்கு பேர். வாசலில் ஒரு வெள்ளாடு கட்டிக் கிடந்தது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இருந்திருக்க வேண்டியவர் அண்ணாச்சி. அவர் கடலுக்கு இந்தப் பக்கம், பினாங்கில், தன் பலசரக்குக் கடையில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் நிறுத்துக்கொண்டிருந்தார்.

இடம் சங்கரன்கோவில். நாள், போன வருஷத்து ஆடித்தபசுக்கு மறுநாள். இன்றைக்கு மறுபடியும் ஆடித்தபசு. ஊரில் இந்நேரம் தபசு மண்டபத்துப் பக்கம் நிற்க இடம் இருக்காது. இங்கே பினாங்கில் விடாமல் மழை. கிட்டங்கி வேலை முடிந்து வந்து, இடது காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் ஊரில் உள்ளவர்கள் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் மட்டும் பிழை இல்லை.

விஷயம் என் இடது கால் சுண்டுவிரல்.

2

எனக்குச் சீனி வியாதி என்று கண்டுபிடித்தது இங்குள்ள யாழ்ப்பாணத்து டாக்டர். ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் என் சிறுநீரைச் சொட்டு விட்டு, விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாயிற்று. பச்சை மஞ்சளாயிற்று. கடைசியில் நம் கோவில் மதிலில் அடித்திருக்கும் காவிப்பட்டை நிறத்துக்கு வந்து நின்றது.

"நீலமாய் நிண்டால் சுகம். இது உச்சம். சீனி, வெல்லம், மிட்டாய் எல்லாத்தையும் இண்டைக்கே விடும். சோற்றைப் பாதியாக்கும். வெறுங்காலோடை நடக்க வேண்டாம். காலிலை புண் வந்தால் இந்த வருத்தத்துக்கு ஆறாது, விளங்குதோ?" என்றார்.

எனக்கு விளங்கியது ஒன்றுதான். கிட்டங்கியில் என் வேலை நின்றுகொண்டே மூட்டை எண்ணுவது. கால் போனால் வேலை போகும். வேலை போனால் சம்சாரமும் மகளும் நானும் என்ன செய்வது? அன்றைக்கு முழுக்க இரண்டு பாதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் சம்சாரம் ஆவுடையம்மாள், "பாத்துக்கிட்டே இருந்தா அது எங்கயும் ஓடிப்போயிராது, வந்து சாப்பிடுங்க" என்றாள்.

சாப்பிட என்ன இருந்தது? அரைச் சோறு, கசப்புக் காப்பி. பத்து நாளில் மூட்டை எண்ணும்போதே கண் இருட்டியது. நேரே கோமதிநாயகம் அண்ணாச்சி கடைக்குப் போனேன். வேறு யாரிடம் போவேன்? யுத்தத்துக்கு முன்னால் நாகப்பட்டினத்தில் ஒரே கப்பலில் ஏறியவர்கள் நாங்கள். ஜப்பான்காரன் காலத்தில் ஒரு மரவள்ளிக் கிழங்கை இரண்டாகப் பிட்டுத் தின்றிருக்கிறோம். பெரிய பாதியை எனக்குத் தருவார். அந்தக் கையை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இவ்வளவு வலிக்காது.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அண்ணாச்சி சிரித்தார்.

"ஏன்வே, சீனின்னா டாக்டர் எதைச் சொல்லுதான்? மில்லுல காய்ச்சி வெளுக்க வச்ச சீனிய. அது விஷம். இந்தா, இது மரத்துல பழுத்தது. ஆண்டவன் போட்ட இனிப்புக்கும் மில்லுக்காரன் போட்ட இனிப்புக்கும் வித்தியாசம் கெடையாதா? பழத்துச் சீனி ஒண்ணும் செய்யாது. ரத்தம் ஊறும். தெம்பா நிப்பீரு."

பாஸ்ராப் பேரீச்சை ஒரு பெட்டி, கிஸ்மிஸ் ஒரு பொட்டலம், மாலையாகக் கோத்த உலர்ந்த அத்திப்பழம் ஒன்று. "காசு?" என்றேன். "பற்றுல எழுதிக்கிடுதேன், நீரு மொதல்ல உடம்பத் தேத்தும்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போது நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு வாரம். பினாங்கில் பேரீச்சம்பழம் நோன்பு மாதத்தில்தான் விற்கும். அந்த மாதம் போனால் பெட்டி பெட்டியாகத் தேங்கிக் கிடக்கும். இதை அப்போது நான் யோசிக்கவில்லை.

3

காலையில் பத்துப் பழம் பாலோடு. மத்தியானம் அத்தி. சாயங்காலம் ஊறவைத்த கிஸ்மிஸ் ஒரு கை. சோறு குறைந்தது எனக்குத் தெரியவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் நானே சோதித்துப் பார்க்க ஒரு குழாயும் ஸ்பிரிட் விளக்கும் வாங்கிவைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் அதே காவிப்பட்டை.

டாக்டர் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்.

"நீர் ஒளிச்சுச் சீனி தின்னுறீர்."

"சத்தியமாக இல்லை ஐயா."

"பழம்?"

"வாழைப்பழம், மாம்பழம், பலா, ஒன்றும் தொடுவதில்லை."

பொய் சொல்லவில்லை. நம் ஊரில் பழம் என்றால் சீப்பாகவோ கூறாகவோ வாங்குவது. பேரீச்சையும் கிஸ்மிஸும் பலசரக்கு. மிளகு, திப்பிலி, சுக்கோடு சேர்த்துக் காகிதத்தில் மடித்துத் தருகிற சாமான். பிள்ளை பெற்றவளுக்கும் சோகை பிடித்தவருக்கும் மருந்தாகக் கொடுப்பது. அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"எனக்குப் பொய் சொல்லலாம். இந்தக் குழாய்க்குச் சொல்லேலாது" என்றார் அவர்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே நினைப்பு. நான் தின்னவில்லை. அப்படியானால் யாரோ தின்ன வைக்கிறார்கள். ஆவுடை காப்பியில் சீனி போடுகிறாளோ? பாவம் பார்த்துப் போட்டாலும் போடுவாள். சீனி டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரி வந்தபோது ஆவுடை, "காப்பி வேணுமாக்கா? இருங்க, எங்க வீட்டுப் பொக்கிஷதாரு வரட்டும்" என்றாள்.

மகள் கோமதி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். பேரீச்சம்பழத்தைக் கூர்மா என்பாள், மலாய்க்காரர்களைப் போல. எதற்கெடுத்தாலும் 'தாப்பா' என்பாள். மலாயில் பரவாயில்லை என்று அர்த்தமாம். முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று எழுந்து எழுந்து போயிருக்கிறேன். ஒரு நாள் நான் பழம் தின்பதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஏதோ இங்கிலீஷில் சொன்னாள். குளுக்கோஸ் என்ற ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது. தமிழில் சொல்லு என்றேன். கொஞ்ச நேரம் தேடினாள். அவளுக்கு வரவில்லை. "தாப்பா" என்று எழுந்து போய்விட்டாள்.

4

வைகாசியில் சுண்டுவிரலில் செருப்புக் கடித்தது. சின்னப் புண். ஆறவில்லை. டாக்டர் கட்டுப்போட்டு, "சீனி இறங்காவிட்டால் இந்த விரல் தங்காது" என்றார். அன்றைக்குத்தான் கோமதியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். ஊருக்கு வந்து ஆடிச்சுற்று சுற்றுகிறேன், சீனியை இறக்கிவிடு தாயே என்று.

ஊருக்குப் போவது இப்போது முன்போல் இல்லை. திரும்பி வருவதற்குத் தனியாக ஒரு பெர்மிட் வாங்க வேண்டும். பெர்மிட் ஆபீஸ் மலாய்க்காரக் கிளார்க் வியாதி ஏதும் உண்டா என்று கேட்டான். அவர்கள் பாஷையில் சீனி வியாதிக்குப் பெயர் இனிப்பு மூத்திரம். வரிசையில் பெண்கள் நின்றார்கள். மூத்திரம் என்கிற சொல்லைச் சொல்லக் கூசி, இனிப்பு என்கிற சொல்லை மட்டும் சொன்னேன். "மானிஸ்" என்றேன். நான் இனிப்பானவன் என்று சொல்லிக்கொள்வதாக நினைத்து ஆபீஸே சிரித்தது. முத்திரை மட்டும் உடனே விழுந்தது.

ஊருக்குப் போகிறவன் இங்கிருக்கும் ஊர்க்காரர்கள் கொடுப்பதையெல்லாம் சுமந்துகொண்டுபோய் அவரவர் வீட்டில் கையில் கொடுத்து, நலம் சொல்லி, நலம் கேட்டு வர வேண்டும். மாட்டேன் என்று சொல்வதற்கில்லை. அண்ணாச்சியும் ஒரு பார்சல் கொடுத்தார். துணி, சோப்பு, ஒரு பெட்டி பேரீச்சை. எனக்கென்று வழிக்குத் தனியாக இரண்டு பெட்டி. "அங்கன போயி சோறு தின்னு கெடுத்துராதீரும். பழத்தையே தின்னும்" என்றார். அதுவும் பற்றில்தான்.

தபசுக்கு முந்திய நாட்களில் சங்கரன்கோவில் பிரகாரத்தில் எப்படிச் சுற்றுவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேண்டுதல் நூற்றெட்டு. டாக்டர் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்றார். கோவிலுக்குள் செருப்போடா போக முடியும்? கட்டை அவிழ்த்துப் புண்ணில் கோவில் பிரசாதமான புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினேன். மயக்கம் வந்துவிடக் கூடாதே என்று வேட்டி மடிப்பில் பேரீச்சம்பழம். ஒரு சுற்றுக்கு ஒரு பழம். சீனியை இறக்கு தாயே என்று வாய் சொல்ல, அதே வாயில் பழம் போய்க்கொண்டிருந்தது. கல் கொதித்தது. கால் எரியவில்லை. விரலில் உணர்ச்சியே இல்லை. அதை அம்மன் அருள் என்று நினைத்தேன்.

5

தபசு முடிந்த மறுநாள் காலை பார்சலைக் கொடுக்கப் போனோம். மதினி பித்தளைச் செம்பில் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னாள். மதினியின் தம்பி சுப்பையா தறியிலிருந்து எழுந்து வந்து பார்சலைப் பிரித்தான். பேரீச்சைப் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "அத்தான் இதைத்தான் அனுப்புவாக. தான் திங்க முடியாததை எல்லாம் நமக்குத் தள்ளிவிடுதாக" என்று சிரித்தான்.

"ஏன், அண்ணாச்சிக்குப் பேரீச்சை பிடிக்காதா?" என்றேன்.

மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பிடிக்காமலா? உசிரு. என்ன செய்ய, அவுகளுக்குத்தான் சீனி வியாதியாச்சே. ஏன் தம்பி, உங்களுக்குத் தெரியாதா? தெனமும் பாத்துக்கிடுதவங்க நீங்க."

என் தம்பி சண்முகம் என் முகத்தைப் பார்த்தான்.

"மூணு வருசத்துக்கு முன்ன வந்திருந்தாகள்லா, அப்பப் பாளையங்கோட்டைல ஒரு பெரிய டாக்டர்ட்ட காட்டினோம்" என்று மதினி சொல்லிக்கொண்டே போனாள். "சீனி, கருப்பட்டி, பேரீச்சம்பழம், கிஸ்மிஸ், எல்லாம் ஒண்ணுதான்னு சொல்லிட்டாரு. அதுலேர்ந்து ஒத்தப் பழம் வாயில வைக்க மாட்டாக. எம்மவன் ஒண்ணை எடுத்து நீட்டினான். கையத் தட்டிவிட்டாக. ஒரு பழமும் ஒரு கரண்டிச் சீனியும் ஒண்ணுலே, அப்பனைக் கொல்லப் பாக்கியான்னாக. அவ்வளவு பத்தியம். இப்ப எப்படி இருக்காக? கடையில அதையே நிறுத்துக்கிட்டு இருக்காகளே, நாக்கைக் கட்டுதது கஷ்டம்லா?"

"நல்லாக் கட்டுதாக மதினி" என்றேன்.

சுப்பையா ஒரு பழத்தை எடுத்து நீட்டினான். "நீங்க ஒண்ணு எடுத்துக்கிடுங்க. உங்களுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கீய."

என் வேட்டி மடிப்பில் இன்னும் நான்கைந்து இருந்தன. வாசலுக்கு வந்ததும் அவற்றை வெள்ளாட்டின் முன்னால் போட்டேன். அது முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்றது. சண்முகம், "என்னண்ணே, ஒரு மாதிரி இருக்கீய?" என்றான். கால் வலிக்கிறது என்றேன். கால் வலிக்கவில்லை. வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கப்பலில் வரும் வழியெல்லாம் மரவள்ளிக்கிழங்கே நினைவுக்கு வந்தது. ஒருவேளை மறந்திருப்பாரோ, ஒருவேளை என் உடம்பு வேறு அவர் உடம்பு வேறு என்று நினைத்திருப்பாரோ என்று அவர் பக்கம் நின்று நானே வாதாடிக்கொண்டு வந்தேன். மகன் கையைத் தட்டிவிட்ட கை ஒவ்வொரு முறையும் அந்த வாதத்தையும் தட்டிவிட்டது.

6

பினாங்கில் இறங்கியதும் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"திராட்சைக் குலை ஒண்டை வெயிலிலை காயவைச்சால் என்ன போகும்? தண்ணி போகும். சீனி எங்கை போகும்? அது அப்பிடியே கிடக்கும். பச்சைப் பழமெண்டால் ஒரு குலையோடை வயிறு சொல்லிப்போடும், போதுமெண்டு. காய்ஞ்சதை நீர் ஒரு பிடி பிடிச்சு வாயிலை போட்டால் ஒரு கூடைப் பழத்துச் சீனி உள்ளுக்குப் போகுது. மரத்திலை வந்ததோ மில்லிலை வந்ததோ எண்டு ரத்தம் கேட்காது." பிறகு கொஞ்சம் இறங்கி, "ஒண்டு இரண்டு, கணக்குப் பார்த்து, சோற்றைக் குறைச்சுத் தின்னலாம் எண்டு சில பேருக்குச் சொல்லுறனான். உமக்கு இப்ப அதுவும் வேண்டாம்" என்றார். விரலைப் பார்த்தார். கறுத்திருந்தது.

அங்கிருந்து கடைக்குப் போனேன். அண்ணாச்சி யாருக்கோ கிஸ்மிஸ் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"வாரும்வே. எப்ப வந்தீரு? தபசு எப்படி?"

"அண்ணாச்சி, உங்களுக்குச் சீனி வியாதி உண்டா?"

தராசு முள் ஆடிக்கொண்டே இருந்தது. பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்து வந்த ஆளை அனுப்பிவைத்தார்.

"யாரு சொன்னா?"

"மதினி."

"பொம்பளைக்கு வாயி நிக்காது."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லி? கோமதிநாயகத்துக்குச் சீனி வியாதி, இன்னும் எத்தனை நாளோன்னு சரக்குப் போடுத சீனாக்காரன் மறுநாளே கடனை நிறுத்திருவான். கடையைப் பூட்டிட்டு உம்ம வீட்டுக்கு வந்து உக்காரவா?"

"உங்க வியாதியச் சொல்ல வேண்டாம். பழத்தைத் திங்காதீருன்னு எனக்குச் சொல்லிருக்கலாம்லா."

அவர் தராசுத் தட்டைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"நான் என்ன உம்ம வாயில ஊட்டியாவே விட்டேன்? நோன்பு முடிஞ்சு அத்தனை பெட்டி கெடந்துது. நீரு தெம்பு இல்லைன்னு வந்தீரு. ரெண்டு திம்பீருன்னு நெனச்சேன். கை கையா அள்ளித் திம்பீருன்னு நான் கண்டேனா?"

"கை கையா நிறுத்துக் குடுத்தது யாரு அண்ணாச்சி?"

வெளியே வந்தேன். செருப்பு மாட்டும்போது இடது கால் சரியாக நுழையவில்லை.

7

பேரீச்சையும் கிஸ்மிஸும் அத்தியும் வீட்டை விட்டுப் போன பிறகு குழாய் மெள்ள மெள்ள நிறம் மாறியது. முதலில் ஆரஞ்சு. பிறகு மஞ்சள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பச்சை. கோமதிதான் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "பச்சைப்பா" என்று தமிழில் சொன்னாள். சீனி டப்பா சாவியை அன்றைக்கு ஆவுடையிடம் நீட்டினேன். "நீங்களே வச்சிக்கிடுங்க. எனக்குப் பழகிப்போச்சு" என்றாள். இன்னும் என் அரைஞாணில்தான் கிடக்கிறது. காப்பிக்குச் சீனி வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்தவர் முன்னால் என்னைக் கூப்பிடுகிறாள்.

ஆனால் விரலுக்கு அந்தப் பச்சை பிந்திவிட்டது. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். டாக்டர், விரலோடு நின்றதே பெரிது என்றார். கிட்டங்கியில் நின்று எண்ணும் வேலையை எடுத்துவிட்டு, உட்கார்ந்து சீட்டுக் கிழிக்கும் வேலை கொடுத்தார்கள். சம்பளம் குறைவு. வேலை போகவில்லை. அதற்கு அம்மனுக்கு நன்றி சொல்லத்தான் செய்கிறேன், ஆனால் இனிமேல் ஆடிச்சுற்று வேண்டிக்கொள்ள மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அண்ணாச்சி ஒரு தரம் வந்தார். யார் வீட்டுக்குப் போனாலும் கையில் பொட்டலம் இல்லாமல் போகாதவர், அன்றைக்கு வெறுங்கையோடு வந்தார். ஆவுடை நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"என்ன அண்ணாச்சி, கையில ஒண்ணும் காணோம்? பெட்டியெல்லாம் தீந்து போச்சோ?"

அவர் உட்காரவில்லை. என் கால்மாட்டில் நின்று கட்டைப் பார்த்தார். தன் கால்களை ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டார். "வாரேன்வே" என்றார். போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் அந்தத் தெருவில் போவதில்லை. கடையைத் தாண்டித்தான் பஸ் என்பதால் சுற்றிக்கொண்டு போகிறேன், இந்தக் காலை வைத்துக்கொண்டு. ஊரில் மதினி இந்தக் கதையைக் கேள்விப்பட்டால் அவளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவள் சொல்லியிருக்காவிட்டால் விரலோடு நின்றிருக்காது.

கடன் என்றால் எனக்குத் தூக்கம் வராது. பால்காரனுக்கு ஒரு காசு நின்றாலும் எழுந்து எழுந்து உட்காருவேன். அண்ணாச்சியும் பற்றை விடுகிறவர் இல்லை. மாதம் பிறந்தால் ஆள் அனுப்பிவிடுவார். ஒரு வருஷமாகிறது, ஆள் வரவில்லை. நானும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அவர் கேட்க மாட்டார், நான் கொடுக்க மாட்டேன் என்று இருவருக்கும் தெரியும். கடைசியாக வழிக்கு வாங்கிய இரண்டு பெட்டியும் சேர்த்து என் பெயரில் நிற்பது இருபத்துமூன்று வெள்ளி அறுபது காசு.